விரலின் விலை

துரோணர் ஏகலைவனிடம் கேட்டது ஒரு கட்டைவிரலை மட்டுமே. உடலளவில் அது சிறிய இழப்பு; வில்லாளியிடம் அதைக் கேட்பது அவனது வித்தையையே கேட்பதாகும். உறுப்பிழப்பை எண்ணால் அளக்க முனைந்த சட்டங்களின் வரலாற்றில் இந்த இடைவெளி மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் கெண்ட் பகுதியை ஆண்ட ஏத்தல்பர்ட் மன்னரின் சட்டம் விரல் விரலாக விலை வைத்தது. கட்டைவிரலுக்கு 20 ஷில்லிங், சுண்டுவிரலுக்கு 11, நடுவிரலுக்கு 4. வெட்டியவன் வெட்டுண்டவனுக்குத் தர வேண்டிய ஈட்டுத்தொகை அது. பழிக்குப் பழி என்று பகை வளராமல் தடுக்க அத்தொகை உதவியது.

ஆலைகள் பெருகிய காலத்தில் கேள்வி மாறியது. எந்திரத்தில் கையிழந்தவருக்கு யார் பொறுப்பு? ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தையும், பிரிட்டன் 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தையும் இயற்றின. இந்தியாவுக்கு அத்தகைய சட்டம் 1923இல் வந்தது. இப்போது அளக்கப்பட்டது சம்பாதிக்கும் திறன். பின்னாளில் திருத்தப்பட்ட அதன் அட்டவணை கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு, சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7 என்று வகுத்தது.

அட்டவணையை எளிதாகப் பழித்துவிடக் கூடாது. எழுத்தறியாத தொழிலாளியும் தன் இழப்பின் அளவை வாதாடி நிறுவ வேண்டிய நிலையை அது ஓரளவு நீக்கியது. ஆனால் அதற்கு விரலைத் தெரியும், விரலுக்குரியவரைத் தெரியாது. வீணைக் கலைஞரின் சுட்டுவிரலும் காவலாளியின் சுட்டுவிரலும் அதன் கணக்கில் ஒன்றே.

1969இல் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து இடக்கையை இழந்தார். அட்டவணைப்படி அது பகுதி ஊனமே என்றார் முதலாளி. தச்சுவேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, ஆகவே இழப்பு முழுமையானது என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. விபத்தின்போது ஒருவர் செய்யக்கூடியதாயிருந்த வேலைகளைக் கொண்டே முழு ஊனத்தைச் சட்டம் வரையறுத்திருந்தது. அந்த வரையறையை நீதிபதிகள் ஊன்றிப் படித்தார்கள். உடலின் ஊன விழுக்காடும் வருவாய் இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்பதை 2010இல் ஒரு சாலை விபத்து வழக்கில் அதே நீதிமன்றம் விரிவாக விளக்கியது.

எனினும் விழுக்காட்டின் அதிகாரம் குறையவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கான எல்லைக்கோடு 40 விழுக்காடு. மருத்துவச் சான்றிதழில் 39 என்று எழுதப்பட்டவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். அவர் எந்த வேலையைச் செய்து பிழைத்தவர் என்று கேட்கச் சான்றிதழில் இடமில்லை. தச்சரின் வழக்கில் நீதிமன்றம் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.