சாட்சி சொன்னவர் கையெழுத்துக்காரர் ஆன கதை

மூளைக்கட்டி என்று ஸ்கேன் சொன்ன மறுநாளே அந்த வீட்டில் ஒருவருக்குப் புது உத்தியோகம் வந்துவிடுகிறது. ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பாதி திறந்து, “பேஷண்ட்டோட ஆள் யாரு?” என்று நர்ஸ் கேட்பார். கணவனோ மனைவியோ எழுந்து போய், நீட்டிய தாளை வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார். துணையின் பங்கு இதுதான், இது காலங்காலமாக வந்த குடும்ப வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூளை அறுவையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதில் துணைக்கு முதலில் கிடைத்த இடம் சாட்சியின் இடம். கையெழுத்து பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வந்ததும் சாட்சியை ஓரம் தள்ளிவிட்டது.

1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லி என்ற அறுவை மருத்துவர் ஓர் இளைஞரின் மண்டையோட்டைத் திறந்து கட்டியை எடுத்தார். எக்ஸ்ரேகூடப் பிறக்காத காலம் அது. கட்டி இன்ன இடத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? வலிப்பு முகத்தில் தொடங்கியதா, கையிலா, எந்தப் பக்கம் பரவியது, எந்த விரல் முதலில் பலம் இழந்தது என்ற விவரங்களை வைத்துத்தான். அந்த இளைஞர் 28 நாளில் கிருமித்தொற்றால் இறந்தார். ஆனால் இடம் தப்பவில்லை. உடம்பில் வலிப்பு நகரும் வரிசையைக் கொண்டு மூளையின் வரைபடத்தை ஊகிக்கலாம் என்று அதற்கு முன்பே காட்டியவர் ஜான் ஹூலிங்ஸ் ஜாக்சன். 1876இல் இறந்த அவருடைய மனைவி எலிசபெத்துக்கும் அதே வகை வலிப்புதான். வலிப்பு வந்தவருக்கு அது எப்படிப் போயிற்று என்று பெரும்பாலும் தெரியாது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் சொல்லியாக வேண்டும். முன்மூளையில் கட்டி வந்தால் இன்னும் சிக்கல். தன் சுபாவம் மாறிப்போனது நோயாளிக்கே உறைக்காது. ‘முன்னெல்லாம் இப்படிக் கோபப்பட மாட்டார்’, ‘கணக்கில் இப்படித் தப்பு விட மாட்டாள்’ என்ற வாக்கியங்கள் துணையின் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அந்த வாக்குமூலம் ஒரு கருவிக்குச் சமமாக இருந்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், முன்மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி படத்தில் தெரிந்தது. அன்று முதல் துணை சொல்லும் கதைக்கு மருத்துவமனையில் மதிப்புக் குறையத் தொடங்கியது. ஸ்கேன் காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சமல்ல. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சாட்சி சொன்னவர் பேச்சை இழந்து, பேனாவோடு மட்டும் நின்றார்.

நம் ஊரில் மூளை அறுவை மருத்துவம் சுதந்திரத்துக்குப் பிந்தியது. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் தனித்துறை தொடங்கினார். அடுத்த ஆண்டு பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். இங்கே நோயாளியோடு ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும்: மருந்து வாங்க, கஞ்சி கொடுக்க, புரட்டிப் படுக்க வைக்க. கூடவே இருப்பவரிடம் சேதி சொல்வதும் கையெழுத்து வாங்குவதும் மருத்துவமனைக்கு எளிது. வசதிக்காக வந்த ஏற்பாடுதான் நாளடைவில் பண்பாடு என்று பெயர் வாங்கியது. சட்டம் அதற்கு அவ்வளவு இடம் தரவில்லை. ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிப் பெரிய அறுவை செய்த வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, விவரம் தெரிந்த வயதுவந்தவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது. தாய்க்கே இல்லாத அதிகாரம் தாலி கட்டியதால் வந்துவிடாது.

இதை மேல்நாட்டுப் பேச்சு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. நோயின் பெயரை நோயாளியிடம் மறைத்து வீட்டாரிடம் மட்டும் சொல்வதுதான் நம் மண்ணின் இரக்கம் என்பது அவர்கள் வாதம். 1961இல் சிகாகோவில் 219 மருத்துவர்களைக் கேட்டபோது, புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே தங்கள் வழக்கம் என்றவர்கள் சுமார் 90 விழுக்காடு. 1979இல் அமெரிக்காவில் அதே கேள்வியைக் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்லிவிடுவோம் என்றார்கள். மறைப்பது தமிழ்ப் பண்பாடு என்றால் சிகாகோவும் ஒரு காலத்தில் தமிழூராக இருந்திருக்க வேண்டும்! மருந்து கொஞ்சம் வேலை செய்யத் தொடங்கியதும், நோயாளிகள் கேட்கத் தொடங்கியதும், ஒரு தலைமுறைக்குள் அங்கே அந்த வழக்கம் உதிர்ந்துவிட்டது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. நுரையீரலில் நோய் வந்தவர் யோசித்து முடிவெடுக்கலாம். யோசிக்கிற உறுப்பிலேயே நோய் என்றால்? உண்மைதான், சிலருக்குத் தெளிவு போய்விடுகிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல, ஒரே நாளிலும் அல்ல. ஹங்கேரி எழுத்தாளர் ஃப்ரிஜெஷ் கரின்தி 1936இல் ஸ்டாக்ஹோமில் மூளைக்கட்டி அறுவைக்குப் படுத்தபோது மரத்துப்போகும் ஊசி மட்டுமே போட்டார்கள். முழு மயக்கம் இல்லை. மறு ஆண்டே அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனைவி அரங்கா மருத்துவர்தான். ஆனாலும் தன் மண்டைக்குள் நடந்ததைத் தன் வாயாலேயே சொல்ல அவரால் முடிந்தது. தெளிவு போனவர் விஷயத்திலும் துணையிடம் கேட்க வேண்டியது ‘உங்கள் விருப்பம் என்ன’ என்பதல்ல, ‘இவர் நன்றாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்’ என்பது. அது மறுபடியும் சாட்சியின் வேலை.

அந்த வேலைக்கு இன்று தேவை கூடியிருக்கிறது. கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டிக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையும் தரலாம் என்று காட்டிய 2005ஆம் ஆண்டு ஆய்வில் 573 பேர் இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், மாத்திரையும் சேர்த்தவர்களுக்கு 14.6 மாதம். இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாக உயர்ந்தார்கள். மருத்துவர் இந்த எண்களைத் தர முடியும். அந்த இரண்டரை மாதத்தையோ, இரண்டு ஆண்டு என்ற அந்த நான்கில் ஒரு வாய்ப்பையோ ஒருவர் எதற்காக வேண்டுவார், எந்த அளவு வாந்தியையும் சோர்வையும் அலைச்சலையும் செலவையும் பொறுத்துக்கொள்வார் என்பதை எந்த ஆய்வும் சொல்லாது. மகள் கல்யாணம் வரை இருந்தால் போதும் என்பவர் உண்டு. பேச்சுப் போய்ப் படுக்கையில் கிடக்க மாட்டேன் என்பவரும் உண்டு. இருபது வருடம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவருக்கு அது தெரிந்திருக்கலாம். கேட்டிருந்தால் உறுதியாகத் தெரிந்திருக்கும். ஆகவே துணையாக நிற்பவர்களே, அறுவைக்கு நாள் குறித்த அன்றே, பேச்சு தெளிவாக இருக்கும்போதே, அவரிடம் கேட்டு அவர் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டர் வாசலில் தாளை நீட்டும்போது அதையும் கேஸ் ஷீட்டோடு சேர்க்கச் சொல்லுங்கள்.