சிறுவர் உளவாளிகள்: ஃபேகின் முதல் அலெக்ஸ் ரைடர் வரை

குற்றக் கும்பல்களும் உளவுத்துறைகளும் சிறுவர்களைத் தம் பக்கம் இழுத்துப் பயன்படுத்துவதைச் சொல்லும் புதினங்கள் ஆங்கிலத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகின்றன. கும்பல் நடத்துபவன் திருடனா அரசு அதிகாரியா என்பது மாறலாம். ஆனால் இரண்டு கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைக்காகப் பேச வீட்டில் யாரும் இருப்பதில்லை. பயிற்சியும் பெரும்பாலும் அவனுக்கு ஒரு விளையாட்டாகவே அறிமுகமாகிறது. எதில் சேர்கிறோம் என்று தெரிந்துதான் அவன் சேர்ந்தானா என்ற கேள்வியை இக்கதைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக எதிர்கொள்கின்றன, சில தட்டிக்கழிக்கின்றன.

கைக்குட்டை விளையாட்டு

சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' 1837 முதல் 1839 வரை ஓர் இதழில் தொடராக வந்தது. அனாதையான ஆலிவர் பசியோடு லண்டனை நோக்கி நடந்து வருகிறான். வழியில் அவனுக்கு உணவு வாங்கித் தருபவன் அவன் வயதை ஒத்த ஒரு பிக்பாக்கெட் சிறுவன். அச்சிறுவன் அழைத்துச் செல்லும் வீட்டில் ஃபேகின் என்ற முதியவன் தன் சட்டைப்பைகளில் கடிகாரம், பொடி டப்பா, கைக்குட்டை ஆகியவற்றை வைத்துக்கொண்டு, கடைவீதியில் உலாவும் கனவானைப் போல அறைக்குள் நடக்கிறான். பையன்கள் அவனுக்குத் தெரியாமல் அவற்றை உருவ வேண்டும். கண்ணில் நீர் வரும்வரை ஆலிவர் சிரிக்கிறான். அது திருட்டுப் பயிற்சி என்பது, தெருவில் ஒரு புத்தகக்கடை வாசலில் உண்மையான கைக்குட்டை ஒன்று களவு போகும்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. ஃபேகினை யூதன் என்று ஓயாமல் குறிப்பிட்டதற்காக டிக்கன்ஸ் கண்டிக்கப்பட்டார். பிற்காலப் பதிப்பில் அவரே அச்சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். ஆயினும் சோறும் படுக்கையும் சிரிப்பும் கொடுத்து ஒரு பிள்ளையை வளைக்கும் முறையை அவர் காட்டிய அளவுக்குத் துல்லியமாகப் பின்வந்தவர்கள் பலர் காட்டவில்லை.

கிம்

ருட்யார்ட் கிப்ளிங்கின் 'கிம்' 1901இல் நூலாக வெளிவந்தது. பம்பாயில் பிறந்து லாகூரில் பத்திரிகையாளராக வேலை பார்த்தவர் கிப்ளிங். கதைநாயகன் கிம் ஐரிஷ் படைவீரன் ஒருவனின் மகன். தாய் தந்தை இருவரும் இறந்துவிட, லாகூர்த் தெருக்களில் வளர்கிறான். குதிரை வணிகர் மகபூப் அலி, ஒரு வெள்ளைக் குதிரையின் வம்சாவளி பற்றிய செய்தியை அம்பாலாவில் உள்ள ஆங்கில அதிகாரியிடம் சேர்க்கச் சொல்லி அவனை அனுப்புகிறார். செய்தியைக் கொடுத்துவிட்டு ஒளிந்திருந்து கேட்கும் கிம், அது எல்லைப்புறத்தில் எட்டாயிரம் படைவீரர்களை நகர்த்துவதற்கான சங்கேதம் என்று அறிகிறான். அவனுக்குப் பயமில்லை, குதூகலம்தான். மத்திய ஆசியாவில் பிரித்தானியாவும் ரஷ்யாவும் நடத்திய மறைமுகப் போட்டிக்கு 'பெரும் விளையாட்டு' என்றே பெயர்.

சிம்லாவில் லர்கன் என்பவர் கிம்முக்குப் பயிற்சி தருகிறார். ஒரு தட்டில் கற்களைப் பரப்பி, சிறிது நேரம் பார்க்கவிட்டு மூடிவிடுவார். என்னென்ன இருந்தன என்று சொல்ல வேண்டும். அங்கிருக்கும் இந்துச் சிறுவனிடம் கிம் தோற்கிறான். பேடன் பவல் 1908இல் எழுதிய சாரணர் கையேட்டில் இடம்பெற்று, 'கிம்மின் விளையாட்டு' என்ற பெயரில் இது உலகெங்கும் பரவியது. இன்று பள்ளிகளில் அதை ஆடும் பிள்ளைகளுக்கு அதன் மூலம் ஓர் உளவுப் பயிற்சி என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஜெபமாலை மணிகளைக் கொண்டு காலடிகளை எண்ணித் தூரத்தை அளக்கவும் கிம் கற்றுக்கொள்கிறான். இது கற்பனை அல்ல. இந்திய நில அளவைத் துறையின் மான்ட்கோமரி 1863 முதல் பயிற்சி அளித்த நயின் சிங் ராவத், நூற்றெட்டுக்குப் பதில் நூறு மணிகள் கொண்ட மாலையுடன் யாத்ரீகர் போல நடந்து 1866இல் லாசாவை அடைந்தார். ஆனால் அவர் அப்போது முப்பது வயதைக் கடந்தவர். கிம் கதை தொடங்கும்போது பதின்மூன்று வயதுப் பையன்.

புதினத்தில் மிகவும் உறுத்துவது பள்ளிக்கட்டணம். லக்னோவில் கிம் படிக்கும் செலவை ஏற்பவர் அவன் குருவாக வரித்த திபெத்திய லாமா. பாவம் கழுவும் ஆற்றைத் தேடி அலையும் அந்தத் துறவிக்கு, தன் சீடன் உளவுப் பணிக்காகத் தயாராகிறான் என்பது தெரியாது. கிப்ளிங் இதை ஒரு துரோகமாக எழுதவில்லை. கிம்முக்குள் ஒரு மோதலும் எழாததற்குக் காரணம், பிரித்தானிய ஆட்சியில் கிப்ளிங்குக்கு எந்த முரண்பாடும் தென்படாததே என்று எட்வர்ட் சயீத் 1993இல் எழுதினார். லாமாவின் அன்பு உண்மையாக எழுதப்பட்டிருப்பதால்தான் அந்த மௌனம் இத்தனை கனக்கிறது.

அம்பாலாவில் பிறந்த இன்னொரு கிம்

கிம் தன் முதல் செய்தியைக் கொண்டு சேர்த்த அதே அம்பாலாவில் 1912இல் ஓர் ஆங்கில அதிகாரிக்கு மகன் பிறந்தான். கிப்ளிங்கின் நாயகனை நினைத்து அவனைக் கிம் என்று அழைத்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்த கிம் ஃபில்பியை 1934இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் சந்தித்து சோவியத் உளவுக்குச் சேர்த்தவர் ஆர்னால்ட் டாய்ச். அப்போது ஃபில்பிக்கு 22 வயது. பின்னர் பிரித்தானிய உளவுத்துறையில் சேர்ந்து சோவியத் எதிர்ப்புப் பிரிவுக்கே தலைவரானார். 1963இல் பெய்ரூட்டிலிருந்து தப்பிய அவர் 1988இல் மாஸ்கோவில் இறந்தார். ஃபில்பி அனாதை அல்லர். அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது ஆதரவற்றவர் என்பதற்காக அல்ல, ஒருநாள் உயர்பதவிக்குப் போவார் என்பதற்காக.

அலெக்ஸ் ரைடரும் செரப்பும்

அந்தோனி ஹோரோவிட்ஸின் 'ஸ்டார்ம்பிரேக்கர்' 2000இல் வெளிவந்தது. பதினான்கு வயது அலெக்ஸ் ரைடரை வளர்த்த மாமா காரில் பெல்ட் அணியாமல் விபத்தில் இறந்தார் என்கிறார்கள். பெல்ட் அணியாமல் அவர் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை என்பது அலெக்ஸுக்குத் தெரியும். விடுமுறைகளில் மாமா கற்றுத்தந்த மொழிகளும் கராத்தேயும் முக்குளிப்பும் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதும் பிறகு புரிகிறது. உளவுத்துறைத் தலைவர் ஆலன் பிளன்ட் அவனைக் கெஞ்சவில்லை: மறுத்தால் அவன் விடுதிக்குப் போக வேண்டும், அவனைக் கவனித்துக்கொள்ளும் ஜாக் என்ற பெண் அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டும். 2011இல் வந்த 'ஸ்கார்பியா ரைசிங்'கில், பள்ளியில் அலெக்ஸை நோக்கி நடந்த துப்பாக்கிச்சூடே அவனை மறுபடி பணிக்கு இழுக்க பிளன்ட் செய்த ஏற்பாடு என்று தெரியவருகிறது. ஃபேகினின் நாற்காலியில் அரசு அதிகாரியை உட்கார வைத்த துணிச்சல் ஹோரோவிட்ஸுடையது.

ராபர்ட் முச்சமோரின் செரப் வரிசை 2004இல் 'தி ரெக்ரூட்' நூலுடன் தொடங்கியது. இங்கே பிள்ளைகள் எந்தப் பணியையும் மறுக்கலாம் என்று விதி உண்டு. ஆனால் தாயை இழந்து காப்பகத்தில் தவிக்கும் ஜேம்ஸுக்கு வேறு போக்கிடம் இல்லை. முதல் பணியில் அவன் நண்பர்களாக்கிக்கொண்ட குடியிருப்புவாசிகள், பணி முடிந்ததும் தங்கள் வீடுகளை இழக்கிறார்கள். அந்தக் குற்ற உணர்வை நூல் மறைக்கவில்லை.

சட்டத்தில் சிறுவர்கள்

'ஸ்டார்ம்பிரேக்கர்' வந்த அதே 2000இல், சிறார்களை இரகசியத் தகவலாளிகளாகப் பயன்படுத்துவதற்கான விதிகள் பிரித்தானியாவில் தனி ஆணையாக வந்தன. 16 வயதுக்குட்பட்டவரைத் தம் பெற்றோருக்கு எதிராக உளவு சொல்லப் பயன்படுத்தக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஒரு மாதமாக இருந்த அனுமதிக்காலம் 2018இல் நான்கு மாதமாக நீட்டிக்கப்பட்டபோது பிரபுக்கள் அவையில் கேள்வி எழுந்தது. அதை எதிர்த்த வழக்கை 2019இல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015 முதல் 2018 வரை இவ்வாறு 17 அனுமதிகள் வழங்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கானது.