டிரைவர் உத்தியோகம்

என் அக்காள் மகன் டிரைவர் உத்தியோகம் பார்க்கிறான் என்று சுந்தரபாண்டியபுரத்தில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அக்காளே அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். "என்ன வண்டி ஓட்டுதான்?" என்று கேட்டவர்களுக்கு, "வண்டியெல்லாம் இல்லை, திண்ணையில உக்காந்தே பாக்குத டிரைவர் வேலை" என்று அவள் விளக்கம் சொன்னாளாம். கேட்டவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்ததா, வளர்ந்ததா என்பது தெரியவில்லை.

போன சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போனவன், தலை ஈரம் காய்வதற்குள் அக்காள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் சூரியகாந்தி. 1992-இல் வந்த 'ரோஜா' படத்தில் இந்த ஊரைக் காட்டினாலும் காட்டினார்கள், பூவைப் பார்ப்பதற்கென்று கேரளத்திலிருந்து காரில் வந்து இறங்குகிறார்கள். பூவுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது இருக்கட்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் திண்ணையில் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் திரையில் வரி வரியாக ஏதோ ஓடிற்று. சில வரிகளின் தலையில் கூட்டல் குறி. சிலவற்றின் தலையில் கழித்தல் குறி. யாரோ முகம் தெரியாத ஒருவர், எந்தத் தேசத்திலோ இருந்து, லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு எழுதி அனுப்பியிருந்த 'ஒட்டு' அது. சட்டைக்கு ஒட்டுப் போடுகிறோமே, அதே அர்த்தந்தான். கூட்டல் குறி போட்டது புதிதாகச் சேர்க்க வேண்டிய வரி, கழித்தல் குறி போட்டது எடுத்துவிட வேண்டிய வரி. அதைப் படித்துக் குற்றம் பார்ப்பது என் மருமகன் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது. இந்தச் செய்தி அக்காளுக்குத் தெரியாது. வாசகர்களும் சொல்லிவிட வேண்டாம்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். இருந்தாலும் அன்று ராத்திரி எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன்.

கடைத்தெருவில் நெல் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் ஒரு எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அதன் முதுகில் இருப்பது ஒன்பது ஊசி கொண்ட பழைய காலத்துத் துவாரம். ஆர்.எஸ்.232 என்று பெயர். 1960-இல் பிறந்த ஏற்பாடு. அண்ணாச்சியின் கம்ப்யூட்டரிலோ அந்தத் துவாரமே கிடையாது. யு.எஸ்.பி. மட்டுந்தான். இரண்டுக்கும் நடுவே கட்டை விரல் அளவில் ஓர் அடாப்டர் தொங்குகிறது. அது துபாஷி. துபாஷி பேசுவது கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டுமென்றால் உள்ளே ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

யு.எஸ்.பி. வருவதற்கு முன்னால் அச்சு யந்திரத்துக்கு ஒரு துவாரம், சுண்டெலிக்கு ஒரு துவாரம், விசைப்பலகைக்கு ஒரு துவாரம் என்று இருந்தது. 1994-இல் ஏழு கம்பெனிகள் கூடி ஒரே துவாரமாக்க முனைந்தன. இண்டெல் கம்பெனியில் அந்தக் காரியத்தை முன்னின்று நடத்தியவர் பரோடாவில் படித்த அஜய் பட். 1996 ஜனவரியில் முதல் விதிமுறை வெளியாயிற்று. செருகினால் போதும், வேலை செய்யும் என்பது வாக்குறுதி. 1998 ஏப்ரலில் சிகாகோ நகரத்துக் கண்காட்சி மேடையில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், பில் கேட்ஸின் உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். திரை நீலமாகி யந்திரம் செத்துப் போயிற்று. இதனால்தான் விண்டோஸ் 98-ஐ இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை போலிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார் கேட்ஸ். துவாரம் ஒன்றானது சரி. உள்ளே இருக்கும் டிரைவரை யாராவது ஊன்றிப் படித்தாக வேண்டும் என்பது அன்றைக்கு மேடையிலேயே தெரிந்துவிட்டது.

லினக்ஸில் இந்தப் படிப்பு ஊரறிய நடக்கிறது. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய காரியம் அது. 1999-இல் அவரே உட்கார்ந்து யு.எஸ்.பி.க்கு ஒரு சிறிய அஸ்திவாரம் எழுதிச் சேர்த்தார். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் ஒட்டு எழுதி அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் குற்றம் சொல்லலாம் என்று ஆயிற்று. எல்லாம் கடிதத்தில்; எல்லார் கண்ணுக்கும் தெரியும். எழுதியவர் தம் பெயரைக் கையொப்பமாக அடியில் போட வேண்டும் என்ற வழக்கம் 2004-இல் வந்தது. படித்துச் சரி என்றவரும் தம் பெயரைப் போடலாம் என்பது பிற்பாடு வந்தது. நாளைக்குத் தகராறு என்றால் இரண்டு பேருக்கும் தலைகுனிவு.

"இதப் பாருங்க மாமா" என்று மருமகன் ஒரு வரியைக் காட்டினான். "சாமான் சொல்லுதத அப்படியே நம்பியிருக்கான். 'அறுபத்து நாலு பைட் அனுப்பிட்டேன்'னு அது சொல்லும். வந்தது பத்துகூட இருக்காது. எண்ணிப் பாக்கணும்லா?"

எனக்கு உடனே விளங்கிற்று. நெல் போடுகிறவன் சொன்ன கணக்கை எழுதிக்கொள்ளாமல், வாங்குகிறவன் தன் மரக்காலால் அளக்கிறானே, அந்த நியாயம். இன்னொரு இடத்தில் இதைவிடப் பெரிய பிழை. டிரைவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே யாராவது அடாப்டரைப் பிடுங்கிவிட்டால், விட்டுக்கொடுத்த இடத்திலேயே அது தொடர்ந்து எழுதும். பந்தியில் இலையை எடுத்த பிறகும் ஊற்றப்படும் சாம்பார் மாதிரி. சாம்பார் யார் வேட்டியில் விழும் என்று சொல்ல முடியாது.

"நீயே திருத்தி எழுதிவிட வேண்டியதுதானே, மாப்ளே?" என்றேன்.

"அது முறையில்லை மாமா. என்ன தப்புன்னு சொல்லணும். அவருதான் திருத்தி மறுபடி அனுப்பணும்."

இதைக் கேட்டதும் எனக்குக் குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி.யின் ஞாபகம் வந்தது. 1954-இல் மறைந்த அந்தப் பெரியவர் கம்பராமாயணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பன் பாட்டு இதுவல்ல என்று தமக்குப் பட்டதையெல்லாம் ஒதுக்கினார்; சொற்களையும் மாற்றினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். எனக்கு அவர் ரசனையில் அசாத்திய மதிப்பு. ஆனால் திருத்தத்தை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ கம்பன் எதிரே இல்லையே! மருமகனுடைய கூட்டத்தில் கம்பன் எதிரேயே உட்கார்ந்திருக்கிறான். நான்காம் தடவை, ஐந்தாம் தடவை என்று எழுதிக்கொண்டுவந்து காட்டுகிறான். என் கதை ஒன்றைக் கேளாமலே பாதியாக வெட்டிப் போட்ட பத்திராசிரியர் ஒருவரையும் நினைத்துக்கொண்டேன். வெட்டிய பிறகு கதை நன்றாகத்தான் இருந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்த அடாப்டர் டிரைவர்களின் சரித்திரத்தில் 2014 அக்டோபர் மாதம் மறக்கக்கூடாதது. ஒவ்வொரு யு.எஸ்.பி. சாமானும் செருகிய மாத்திரத்தில் இரண்டு எண் சொல்லும்: ஒன்று செய்த கம்பெனியின் எண், மற்றது பொருளின் எண். டிரைவர் தன் ஜாபிதாவில் அந்த எண்களைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காணும். அடாப்டருக்குள் இருக்கும் சில்லுகளில் பெயர் பெற்றவை கிளாஸ்கோ நகரத்து எஃப்.டி.டி.ஐ. கம்பெனியுடையவை. பெயர் பெற்றால் போலியும் வருமே! அதே எண்களைச் சொல்லிக்கொண்டு போலிச் சில்லுகள் உலகமெங்கும் பரவின. கம்பெனிக்குக் கோபம்; நியாயமான கோபந்தான். விண்டோஸின் வழக்கமான புதுப்பிப்போடு அவர்களுடைய புதிய டிரைவர் ஒன்று வந்து இறங்கிற்று. அசல் சில்லு பொருட்படுத்தாத, போலி மட்டும் கீழ்ப்படிகிற ஒரு கட்டளை அதில் இருந்தது: உன் பொருள் எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள். ஆக்கிக்கொண்ட சில்லு அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரிலும் தன்னை இன்னாரென்று சொல்ல முடியாமல் போயிற்று.

போலி செய்தவனுக்கு இதனால் ஒரு காசு நஷ்டமில்லை. காசு கொடுத்து வாங்கியவன் கையில்தான் கட்டை மிஞ்சிற்று. எங்கள் அண்ணாச்சி 2014-இல் படிக்கல் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார், தப்பித்தார். இன்று அவர் தராசில் தொங்கும் அடாப்டர் அசலா போலியா? தென்காசியில் வாங்கினாராம். பில் உண்டு, அதில் 'கேபிள் 1' என்று மட்டும் இருக்கிறது.

அந்த வாரமே லினக்ஸ் கூட்டத்துக்கும் ஓர் ஒட்டு வந்தது. விண்டோஸ் டிரைவர் செய்வதை நாமும் செய்வோம் என்று, அச்சு அசலான நடையில், உரிய கையொப்பத்தோடு. அந்த யு.எஸ்.பி. பகுதியின் காவலர் கிரெக் குரோவா ஹார்ட்மன் என்பவர். இதை ஏப்ரல் முதல் தேதிக்கு வைத்திருக்கலாமே என்ற பொருளில் சிரித்துப் பதில் எழுதித் தள்ளிவிட்டார். பரிகாசம் பரிகாசமாகவே முடிந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கிட்டத்தட்ட அதே நாட்களில் இன்னொருவர் சின்னஞ்சிறிய ஒட்டு ஒன்று அனுப்பினார்: ஜாபிதாவில் அந்தக் கம்பெனி எண்ணோடு பூஜ்யம் என்ற பொருள் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். சேர்த்துவிட்டார்கள். கம்பெனி எண்ணைப் பூஜ்யமாக்கி ஊரை விட்டு ஒதுக்கிய சாமான், லினக்ஸில் செருகினால் மறுபடி பேசிற்று. கம்பெனியும் சில நாட்களில் அந்தப் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

போலிக்குச் சலுகையா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டேன். "திருடன பிடிக்கது போலீசு வேலை மாமா. டிரைவர் வேலை, தராசு சொல்லுதத எடுத்துச் சொல்லுதது" என்றான் மருமகன். முழுக்க ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. அசல் செய்தவன் வயிற்றிலும் அடிக்கக்கூடாது. ஆனால் 2016-இல் அதே கம்பெனி டிரைவர் செய்ததைக் கேட்டபோது என் பக்கம் கொஞ்சம் தளர்ந்துதான் போயிற்று. இந்தத் தடவை சில்லை அது கெடுக்கவில்லை. போலி என்று கண்டால், வரவேண்டிய தகவலுக்குப் பதிலாக 'அசல் அல்லாத சாமான்' என்ற ஆங்கில வாசகத்தை அனுப்பிற்று. எழுபத்தைந்து கிலோ மூட்டையைத் தூக்கித் தட்டில் வைத்த சம்சாரிக்கு, எடை எழுதும் இடத்தில் இந்த வாசகத்தை அச்சடித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்!

மருமகன் லினக்ஸை முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்தில். 2011-இல் தொடங்கிய அரசாங்க இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நம் தேசத்து லினக்ஸ். மற்றப் பையன்கள் அதில் சினிமாப் பார்த்தார்கள். இவனும் பார்த்தான், அதற்குப் பிறகு அதைப் பிரித்தும் பார்த்தான்.

சாரல் திண்ணை வரைக்கும் அடித்தது. கம்ப்யூட்டரைத் துண்டால் மூடிக்கொண்டு பதில் எழுதினான். மரியாதையான ஆறு வரி: எண்ணிப் பார்க்கவில்லை, பிடுங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை, மற்றபடி நன்றாக இருக்கிறது, ஐந்தாவது பிரதியை எதிர்பார்க்கிறேன். கீழே தன் பெயர். அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனவன் நிறுத்தி, 'நன்றாக இருக்கிறது' என்பதை முதல் வரிக்குக் கொண்டுபோனான்.

"டிரைவரு, சாப்பிட வாரியா இல்லையா?" என்று உள்ளேயிருந்து அக்காள் கூப்பிட்டாள்.