பள்ளியை விட்ட ஆண்டு: மனச்சிதைவு ஆய்வில் குழந்தைப்பருவக் கொடுமையின் வரலாறு

ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பெலின் 1890களில் வரையறுத்த நோய்க்கு ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்று பெயர். இளமையிலேயே தொடங்கும் அறிவுச் சிதைவு என்பது அதன் பொருள். அறிதிறன் குறைவு பெயரிலேயே இடம்பெற்றுவிட்டது. எல்லா நோயாளிகளும் இறுதியில் அறிவுச் சிதைவை அடைவதில்லை என்று வாதிட்ட சுவிட்சர்லாந்தின் ஆய்கன் புளூலர், 1908இல் ‘சிசோஃப்ரினியா’ என்ற புதுப் பெயரை முன்வைத்தார். தமிழில் நாம் மனச்சிதைவு என்பது இதையே. பெயர் மாறியும் ஒரு வழக்கம் நீடித்தது. நோயாளியின் நினைவாற்றலோ கவனமோ குறைந்திருந்தால் அது நோயின் அடையாளமாகவே வாசிக்கப்பட்டது. அவர் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தார், எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார் என்பவை விளக்கத்தின் மையத்துக்கு வரவில்லை.

வளர்ப்பைப் பற்றிய கேள்வி 1948இல் வேறொரு வடிவில் வந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை எழுதினார். ஒப்பீட்டுக் குழுக்களைக் கொண்ட சான்றின்றிப் பரவிய அக்கருத்து, நோயுற்ற பிள்ளையைப் பராமரித்த தாய்மார்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 1968இல் வெளியான சீமோர் கெட்டி குழுவினரின் டென்மார்க் தத்தெடுப்பு ஆய்வு, மரபின் பங்கை வலுவாகக் காட்டியது. தாய்மீதான பழி படிப்படியாக விலகியது, அது நியாயமே. ஆனால் பழியோடு கேள்வியும் சேர்ந்து விலக்கப்பட்டது. குழந்தைப்பருவத்தைப் பற்றி விசாரிப்பதே பெற்றோரைக் குற்றம் சாட்டுவதாகத் தோன்றலாயிற்று. 1962இல் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை குழந்தை மருத்துவத்தை உலுக்கியது. அந்த அதிர்வு பெரியவர்களுக்கான மனநல வார்டை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின.

2004இல் நெதர்லாந்தில் 4,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, குழந்தைப்பருவக் கொடுமைக்கும் பின்னாளைய உளப்பிணி அனுபவங்களுக்கும் தொடர்பு கண்டது. 2012இல் வரேசே குழுவினர் 36 ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்த வாய்ப்பு விகிதம் 2.78. கொடுமைக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு நோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை, பெரும்பாலோர்க்கு வருவதில்லை. அத்தொகுப்பில் உடல், பாலியல், உணர்வுக் கொடுமைகளுடன் புறக்கணிப்பும், சக மாணவர்களின் துன்புறுத்தலும், பெற்றோரின் மரணமும் அடங்கும். ஆகவே கேள்வியை மீண்டும் எழுப்புவது தாய்மீதான பழிக்குத் திரும்புவதாகாது.

அறிதிறன் பற்றிய அடுத்த படி இவ்வளவு நேரானதன்று. நெடுநாள் அச்சம் உடலின் அழுத்தச் சுரப்பிகளைத் தூண்டி, நினைவுக்குரிய மூளைப் பகுதிகளைப் பாதிக்கிறது என்ற விளக்கம் கவர்ச்சியானது. எனினும் 2017இல் டனீசே குழுவினர், பிரிட்டனிலும் நியூசிலாந்தின் டனீடின் நகரிலும் பிறப்பு முதல் தொடரப்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தனர். கொடுமைக்கு ஆளானோரிடம் தென்பட்ட அறிதிறன் குறைவின் பெரும்பகுதிக்கு, கொடுமைக்கு முன்பே இருந்த குறைவும் குடும்பத்தின் வறுமை முதலிய பின்னணியும் விளக்கமாக அமைந்தன. 2019இல் உளப்பிணி உள்ளோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த வர்காஸ் குழுவினரும் மிகச் சிறிய தொடர்பையே கண்டனர்; நோயற்ற ஒப்பீட்டுக் குழுவில்தான் அது கூடுதலாக இருந்தது. நோயே அறிதிறனைப் பெரிதும் குறைப்பதால் பிற காரணங்களின் தடம் அதனுள் மங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இங்கேதான் கல்வி குறுக்கே நிற்கிறது. இரவெல்லாம் அஞ்சிக் கிடந்த குழந்தை காலையில் பாடத்தைக் கவனிக்காது. நாளடைவில் பள்ளியை விட்டுவிடும். சொல்வளத்தையும் கணக்கையும் அளக்கும் சோதனைகள் பள்ளியில் கழித்த ஆண்டுகளையும் சேர்த்தே அளக்கின்றன. எனவே ஆய்வாளர் கல்வி ஆண்டுகளைப் புள்ளியியல் முறையில் சமன் செய்கிறார். கொடுமை தன் தீங்கைப் பள்ளி இழப்பின் வழியாகவே செலுத்தியிருந்தால், அந்தச் சமன்பாடு தீங்கின் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது. முன்பே இருந்த குறைவுதான் பள்ளி இழப்புக்குக் காரணமென்றால், சமன் செய்யாமை தீங்கை மிகைப்படுத்துகிறது. ஒருமுறை மட்டும் அளந்த தரவு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

இந்தியாவில் இச்சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். பள்ளியில் வாங்கிய அடியும் அதில் விரிவாகப் பதிவாயிற்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. தீங்கு நிகழ்ந்த இடமே சில குழந்தைகளுக்குப் பள்ளியாக இருந்திருக்கிறது.

‘எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது’ என்று நோயாளியின் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது. அது நோயின் முதல் அறிகுறியாகவோ, வறுமையாகவோ, பிரம்புக்கு அஞ்சிய ஓட்டமாகவோ, வீட்டில் யாரும் அறியாத கொடுமையின் விளைவாகவோ இருக்கலாம். நோயின் அறிகுறி என்று மட்டும் வாசித்தால் அந்த மனிதர் இழந்த கல்வி, இனி மீளாத மூளைக் குறைபாடாகக் கணக்கில் ஏறிவிடும். மீண்டும் படிக்க அவருக்குத் துணை செய்யலாம் என்ற எண்ணமும் எழாது. எந்த ஆண்டு, எதனால் நின்றது என்று பழி சுமத்தாமல் கேட்பதற்குச் சில நிமிடங்கள் போதும். நூறாண்டு வரலாற்றில் தவறவிடப்பட்டது அந்தக் கேள்வியே.