'முதல் ஆசிரியர்': பள்ளிக்காக வெட்டப்பட்ட பாப்ளார் மரம்

சோவியத் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் மத்திய ஆசியக் கிராமங்களுக்குக் கல்வி சென்று சேர்ந்த விதத்தைச் சித்தரிக்கும் திரைப்படம் 'முதல் ஆசிரியர்' (1965). கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962-இல் வெளியிட்ட குறுநாவலைத் தழுவிய இந்தக் கறுப்பு வெள்ளைப் படம், ஆந்த்ரேய் கொன்ச்சலோவ்ஸ்கி இயக்கிய முதல் முழுநீளப் படமாகும். ஐத்மாத்தவ், சோவியத் பதிப்பகங்களின் மொழிபெயர்ப்புகள் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் நன்கு அறிமுகமானவர்.

கதை 1923-இல் கிர்கிஸ்தானின் மலைக்கிராமம் ஒன்றில் நிகழ்கிறது. செஞ்சேனையிலிருந்து திரும்பிய துய்ஷேன், பழைய குதிரை லாயம் ஒன்றைப் பள்ளியாக்குகிறார். அவரே தட்டுத்தடுமாறிப் படிப்பவர்தான். பாடத்தைவிட நம்பிக்கையே அவரிடம் மிகுதி. குளிர்ந்த ஆற்றைக் கடக்கப் பிள்ளைகளைத் தோளில் சுமந்து செல்லும் அதே மனிதர், லெனினும் ஒருநாள் இறந்துபோவாரா என்று ஒரு சிறுவன் கேட்டதும் வெகுண்டெழுகிறார். அவரிடம் பயிலும் அனாதைச் சிறுமி அல்தினாயை உறவினர்கள் ஊர்ச் செல்வந்தருக்கு மனைவியாக விற்றுவிட, துய்ஷேன் அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறார்.

குறுநாவலும் படமும் பிரியும் இடம் கவனத்துக்குரியது. குறுநாவலில் ஆசிரியரும் மாணவியும் இரண்டு பாப்ளார் கன்றுகளை நடுகிறார்கள். பல்லாண்டுகளுக்குப் பின் அவள் கல்வியாளராகி ஊர் திரும்பும்போது, துய்ஷேன் யாரும் பொருட்படுத்தாத முதிய தபால்காரர். படத்தில் இந்தப் பிற்பகுதியே இல்லை. மாறாக, எரிந்துபோன பள்ளியை மீண்டும் கட்டுவதற்காக ஊரின் ஒற்றைப் பாப்ளார் மரத்தைத் துய்ஷேன் கோடரியால் வெட்டுகிறார். ஊரார் பதறுகிறார்கள், ஒரு முதியவர் மட்டும் கோடரியுடன் வந்து சேர்ந்துகொள்கிறார். அரசு ஆதரவில் உருவான ஒரு படம், புரட்சியின் தூதரை இத்தனை முரட்டுத்தனத்துடன் காட்டியது வியப்புக்குரியதே.

ஐத்மாத்தவின் தந்தை தொரெகுல், துய்ஷேனின் தலைமுறையைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் கட்சி நிர்வாகி. ஸ்டாலின் ஆட்சியில் 1938-இல் சுட்டுக்கொல்லப்பட்ட அவர் புதைக்கப்பட்ட இடம் 1991-இல்தான் கண்டறியப்பட்டது.

அல்தினாயாக நடித்த நத்தால்யா அரின்பசாரவா, பாலே நடனம் பயின்றவர். 1966 வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருதை வென்றபோது அவருக்கு வயது 19.

கதை நிகழும் காலத்தில் கிர்கிஸ் மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1920-களின் இறுதியில் அது லத்தீன் எழுத்துக்கும், 1940-களின் தொடக்கத்தில் சிரிலிக் எழுத்துக்கும் மாற்றப்பட்டது. துய்ஷேனின் காலத்தில் எழுத்தறிவு பெற்ற ஒரு பிள்ளை, நடுவயதை எட்டுமுன் இருமுறை புதிதாக எழுத்துக் கற்க வேண்டியிருந்தது.