புதுச்சேரி விமான நிலையம்

புதுச்சேரி விமான நிலையம், நகரின் வடமேற்கில் லாஸ்பேட்டைச் செம்மண் மேட்டின்மீது, தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தை ஒட்டி அமைந்த சிறிய விமான நிலையம். நடுவண் அரசுக்குச் சொந்தமான இந்திய விமான நிலைய ஆணையம் இதை நடத்துகிறது. பன்னாட்டுக் குறியீடுகள்: பி.என்.ஒய்., வி.ஓ.பி.சி.

ஓடுபாதை ஒன்றே, நீளம் சுமார் 1,500 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட் விமானங்கள் முழுச் சுமையோடு வந்துபோக இது போதாது. அதனால் பயணிகள் சேவை வருவதும் நிற்பதுமாகவே இருந்துவந்துள்ளது. புதிய முனையம் கட்டப்பட்டபின் 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குப் பறந்தது, அது நீடிக்கவில்லை. 2015இல், அப்போது ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்த அலையன்ஸ் ஏர் வந்து சில மாதங்களில் விலகியது. 2017 ஆகஸ்டில் நடுவண் அரசின் வட்டார விமான இணைப்புத் திட்டமான உடானின்கீழ் ஐதராபாத் சேவை தொடங்கியது. 2024 டிசம்பரில் குறுகிய ஓடுபாதையிலும் இயங்கக்கூடிய இண்டிகோவின் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள் பெங்களூர், ஐதராபாத் தடங்களில் பறக்கத் தொடங்கின.

பயணிகள் சேவையின் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து நிலையத்தை எடைபோடுவது அநீதி. ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானம் மேலெழ ஐந்நூறு மீட்டர் அளவு போதும். அதற்கு இது தாராளமான பாதை. ஓரியன்ட் விமானப் பயிற்சிப் பள்ளி இங்கிருந்து இயங்கியிருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களின் நெரிசலுக்கிடையே, தரையிறங்கி உடனே மீண்டும் எழும் பயிற்சிக்கு நேரம் கிடைப்பது அரிது. அமைதியான சிறு நிலையத்தில் மாணவர் அதையே திரும்பத் திரும்பச் செய்து கைப்பழக்கம் பெறலாம்.

கண்ணால் பார்த்து வழியறிந்து பறப்பவருக்கு இந்தக் கரையே வரைபடம். சென்னையிலிருந்து தெற்கே வந்தால் முட்டுக்காட்டு முகத்துவாரம், மாமல்லபுரம், பாலாற்றின் வாய், பிறகு பாத்திகளாய் வெளுத்துக் கிடக்கும் மரக்காணம் உப்பளம். அதன் மேற்கிலும் தெற்கிலும் கழுவெளி ஏரியின் நீர்ப்பரப்பு. வானூர் வட்டத்துக்குள் ஆரோவில்லின் பொன்னிறக் கோளமான மாத்ரிமந்திர் தெரிந்தால் நிலையம் நெருங்கிவிட்டது.

விமானம் காற்றை எதிர்கொண்டே ஏறவும் இறங்கவும் வேண்டும். கோடைக் காலையில் இங்கே மேல்காற்று வீசும். நடுப்பகல் வாக்கில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடப்பதால், காலையில் மேற்கு நோக்கி எழுந்த விமானி பிற்பகலில் கிழக்கு நோக்கி இறங்க நேரிடும். வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து, எழுவதற்கான ஓட்டமும் நீளும். வடகிழக்குப் பருவமழையில் தாழ்ந்த மேகம் வந்தால், கண்ணை நம்பிப் பறப்பவர் தரையில் காத்திருப்பதே முறை. குளிர்காலத்தில் கழுவெளிக்கு வலசைப் பறவைகள் திரளும். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்நீர்நிலையின்மேல் தாழப் பறப்பது பறவைக்கும் விமானிக்கும் ஆபத்து.

ஓடுபாதையை ஜெட் விமானங்களுக்காக நீட்டும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. அதற்கு வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. ஆகவே புதுச்சேரியும் தமிழ்நாடும் உடன்பட்டாலன்றி நிலையம் வளர இடமில்லை.