தோட்டத்து மண்ணில் கற்கருவி: கண்ணில் பட்டால் என்ன செய்வது?

செம்பனை மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போதோ, வீட்டுக்குப் பின்னால் வாழைக்குக் குழி வெட்டும்போதோ, ஒரு முனை மட்டும் கூரான கல் மண்வெட்டியில் தட்டுப்படலாம். பலர் அதை ஓரமாக வீசிவிடுவர். சிலர் அலமாரியில் வைப்பர். அது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் செய்த கருவியாகவும் இருக்கலாம்.

மலாய்க் கம்பங்களில் இத்தகைய கல்லை ‘பத்து லிந்தார்’, அதாவது இடிக்கல் என்பார்கள். இடியோடு வானிலிருந்து விழுந்தது என நம்பி, காப்புப் பொருளாக வைத்திருந்தவர்களும் உண்டு. உண்மையில் இவை புதிய கற்கால மக்கள் மரம் வெட்டவும் செதுக்கவும் தேய்த்துக் கூராக்கிய கோடரிகளும் வாய்ச்சிகளும் ஆகும்.

பேராக், லெங்கோங் பள்ளத்தாக்கு இதற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கோத்தா தம்பானில் 1938இல் எச்.டி. காலிங்ஸ் அகழாய்வு செய்தார். பின்னர் ஸுரைனா மஜிட் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு, அவ்விடம் ஒரு கற்கருவிப் பட்டறை எனக் கண்டறிந்தது. லெங்கோங் 2012இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது.

அடையாளம் காண்பது எப்படி?

ஆற்றில் உருண்ட கல் எல்லாப் பக்கமும் மழுங்கியிருக்கும். மனிதன் உடைத்த கல்லில், ஒரே விளிம்பை ஒட்டி அடுத்தடுத்துச் சில்லு பெயர்த்த தழும்புகள் தெரியும். பெயர்ந்த சில்லில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு இருக்கும். தேய்த்த கோடரி வழவழப்பாக, ஒரு முனை மட்டும் உளிபோல் சரிந்திருக்கும். மண்வாரி இயந்திரம் உடைத்த கல்லோ, உடைந்த பக்கத்தில் புது நிறம் காட்டும்.

இடமே சாட்சி

கல்லைவிட அது கிடந்த இடமே அதிகம் பேசும். கோத்தா தம்பானில் தோபா எரிமலைச் சாம்பலும் இருந்ததால்தான், அதன் காலம் ஏறக்குறைய 74,000 ஆண்டுகள் எனக் கணித்தனர். இடம் தெரியாமல் எடுத்துவந்த கல்லுக்கு இப்படிக் காலம் சொல்ல முடியாது. செபராங் பிறை, குவார் கெப்பாவில் இருந்த பழங்காலச் சிப்பி மேடுகள் சுண்ணாம்புக்காகத் தோண்டப்பட்டு, பெரும்பகுதி அழிந்தே போயின. தமிழ்நாட்டின் செம்பியன் கண்டியூரில் நடந்தது வேறு. 2006இல் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டிய பள்ளி ஆசிரியர், கிடைத்த கற்கோடரியைத் தொல்லியல் துறையினரிடம் காட்டினார். அதிலிருந்த குறிகளைச் சிந்துவெளிக் குறிகள் என்றார் ஐராவதம் மகாதேவன். அக்கருத்து விவாதத்துக்குரியது, ஆனால் அந்தக் கல் ஆய்வாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

செய்ய வேண்டியவை

* கல் கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் 20 சென் நாணயம் வைத்துப் படம் எடுங்கள்.
* இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள்.
* கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள்.
* மேலும் தோண்டாதீர்கள். பழம்பொருள் தேடி அகழ்வதற்கு, 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அனுமதி வேண்டும்.
* மாவட்ட அலுவலகத்திடமோ தேசிய மரபுடைமைத் துறையிடமோ உடனே தெரிவியுங்கள். அதே சட்டம் இதைக் கடமையாக்குகிறது.

சொந்த நிலத்தில் கண்ணைத் திறந்து வைத்து நடப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. மழை விட்ட மறுநாள், மண் கரைந்த கால்வாய் ஓரங்களில் கற்கள் தெளிவாகத் தெரியும்.